வேர்க்கடலைக் கழித்தல்

1. மாதிரிப் பாடம்

ஐம்பதுகளின் தொடக்கத்தில் திண்டிவனத்தில் பள்ளிகளைப் பார்வையிடும் ஜூனியர் டெபுடி இன்ஸ்பெக்டராகச் சேர்ந்தேன். முதல் நாளே விழுப்புரத்திலிருந்து வந்த மேலதிகாரி சொன்னார்: "ஸ்கூலுக்குப் போயி தப்பு கண்டுபுடிச்சிக்கினு இருக்காதீங்க சார். கூட நின்னு சொல்லிக்குடுங்க."

சொல்லிக்கொடுக்க எனக்குக் கசக்குமா? ஆசிரியர்களின் சென்டர் மீட்டிங்கில் நானே மாதிரிப் பாடம் நடத்தினேன். மேசைமேல் பத்து வேர்க்கடலை. "பத்துல ஒண்ணு போனா?" என்று கேட்டு, ஒன்றை உரித்து வாயில் போட்டுக்கொண்டேன். ஒரே கைதட்டல். அடுத்த மாதம் நான் போன பள்ளியிலெல்லாம் ஆசிரியர்கள் என்னைப் பார்த்தபடியே கடலை தின்றார்கள். என் பயிற்சி பலித்துவிட்டதென்று பூரித்துப்போனேன். பிள்ளைகள் கண்கொட்டாமல் ஆசிரியர் வாயையே பார்த்ததை 'நல்ல கவனம்' என்று ரிப்போர்ட்டில் எழுதினேன்.

2. இருபது விடை

கிளியனூர்ப் பக்கம் ஓர் ஓராசிரியர் பள்ளி. அங்கே மரியம்மாள் டீச்சர். புரொபேஷன் முடியவில்லை, என் ரிப்போர்ட் சரியில்லையென்றால் வேலை போய்விடும். அது தெரிந்தும் அவர் கடலை தின்னவில்லை. ஆளுக்குப் பத்தாகப் பிள்ளைகளிடமே கொடுத்துவிட்டார். வகுப்பில் ஒரே இரைச்சல். இருபது சிலேட்டுகளையும் பார்த்தேன். ஒன்றில் நாலு, ஒன்றில் ஏழு, ஒன்றில் இரண்டு. 'ஒரே கணக்குக்கு இருபது விடை. கற்பிக்கத் தெரியவில்லை' என்று மையாலேயே எழுதினேன்.

"பசங்க கையில இருக்கறத எண்ணிட்டு எழுதுங்க சார்" என்றார் டீச்சர். "பசிக்குத் தக்க தின்னுட்டு மீதிய எழுதச் சொன்னேங்க. காலையில ஒண்ணும் சாப்புடாம வர்ற புள்ளைங்க. அதுங்க எதிர்ல நான் மட்டும் எப்டிங்க மல்லாட்டை தின்றது?"

எண்ணினேன். எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் ஒரு சிறுமி பூஜ்யம் போட்ட சிலேட்டை நீட்டி, காலிக் கையை விரித்துக் காட்டினாள். எனக்கு வெட்கமாகிவிட்டது.

எழுதியதை அடித்துவிட்டு, வேலையை நிரந்தரம் செய்யலாம் என்று எழுதினேன்.

"என்ன சார், அடிச்சிருக்கீங்க? டீச்சர் தப்பு பண்ணாங்களா?" என்றார் ரிப்போர்ட்டைப் பார்த்த மேலதிகாரி.

"தப்பு என்னுதுங்க."

டீச்சருக்கு வேலை நிலைத்தது. இப்போது பள்ளி பார்க்கக் கிளம்பும் இளைய அதிகாரிகளுக்கு ஒன்று சொல்கிறேன். ஆசிரியருக்குச் சொல்லிக்கொடுக்க வாயைத் திறக்குமுன், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பி.ஏ., எல்.டி. படித்த எனக்கு இது புரிவதற்கு, எட்டாவது படித்த ஒரு டீச்சர் தன் வேலையையே பணயம் வைக்க வேண்டியிருந்தது.