இரண்டு பக்கமும் கதவு திறக்கிற வண்டி

ஓடாத கார்கள் மூன்று எங்கள் வீட்டில் நின்ற வருஷம் அது. ஓசூரில் பாகலூர் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, பெரிய தகரக் கொட்டகையோடு சேர்ந்த ஒரு வாடகை வீடு. கொட்டகைக்காகவே என் கணவர் அந்த வீட்டைப் பிடித்தார். அவர் ஒரு கம்பெனியின் டூல் ரூமில் பதினெட்டு வருஷம் இருந்தவர். அந்த யூனிட்டை வேறு மாநிலத்துக்கு மாற்றியபோது வேலையை விட்டுவிட்டு, கிராமங்களில் கிடக்கும் பழைய கார்களை வாங்கிப் பிரித்துச் சரிசெய்து விற்க ஆரம்பித்தார். ஒவ்வொன்றையும் 'ப்ராஜெக்ட்' என்பார். நான் வேறொரு கம்பெனியில் பிரேக் பாகங்களைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். எங்கள் கம்பெனியிலும் ப்ராஜெக்ட் உண்டு, ஆனால் அதற்கு முடிகிற தேதி ஒன்று இருக்கும். இவருடையவற்றுக்குக் கிடையாது.

கொட்டகையில் இரண்டு கார், வாசலில் ஒன்று. துணி காயப்போடப் போக வேண்டுமானால் பக்கவாட்டில் திரும்பி, வயிற்றை எக்கிக்கொண்டு, இரண்டு பானட்டுகளுக்கு நடுவே நகர வேண்டும். கேட் பாதிதான் திறக்கும். ஈரத் துணி வாளியோடு அந்தச் சந்தில் நிற்கும்போதெல்லாம், கிருஷ்ணகிரியில் அக்கா வீட்டுப் பக்கம் போய்விடலாம், வேலையை விட்டுவிட்டு ஒரு வருஷம் சும்மா இருக்கலாம் என்று நினைத்துக்கொள்வேன். யாரிடமும் சொன்னதில்லை.

அந்தக் கோடையில்தான் கார்களை ஏற்றிவர சொந்தமாக ஒரு வண்டி வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். அதுவரை கயிறு கட்டி இழுத்துவருவோம், இல்லையென்றால் வாடகை வண்டி பிடிப்போம். சூளகிரி இறக்கத்தில் ஒருமுறை கயிறு அறுந்து கார் தானாக உருண்டது. அன்றிலிருந்து வண்டிப் பேச்சுதான். பழுதான கார்களை ஏற்றிப்போகிற ரெக்கவரி வண்டி இல்லை, அவர் மனதில் இருந்தது பெரிய ஆறு சக்கர லாரி. சுற்றிலும் உயரமாகப் பலகையும் இரும்புமாக பாடி கட்டியது.

"ரெக்கவரி வண்டி வாங்கினா கார் மட்டும்தான் ஏத்தலாம். லாரின்னா கார் இல்லாத நாள்ல மாங்கா லோடு அடிக்கலாம்" என்றார்.

அதில் நியாயம் இருந்தது. சம்பளச் சீட்டு என்னிடம்தான் இருந்ததால் வண்டிக்கான கடன் என் பெயரில்தான் கிடைக்கும். அதற்காக என்னைக் கேட்டார் என்று சொல்ல முடியாது. சொன்னார். நானும் தலையாட்டினேன்.

விற்க இருந்த லாரிக்காரர் ஒரு யோசனை சொன்னார். "சும்மா ஓட்டிப் பாத்தா என்னா தெரியும் சார்? எங்கியாச்சும் கார் எடுக்கறதுன்னா சொல்லுங்க, ஏத்திகினு வந்தே பாக்கலாம்."

வேப்பனப்பள்ளி தாண்டி ஒரு மாந்தோப்பில் என் கணவர் ஏற்கெனவே பேசி முடித்த கார் ஒன்று இருந்தது. என்னைவிட வயதில் மூத்த, உருண்டை மூக்குக் கார். பம்ப் செட் கொட்டகைக்குள் வருஷக்கணக்காக நின்றதில் பின் சீட்டில் கோழிகள் முட்டையிட்டிருந்தன. பின்கண்ணாடி உடைந்து, அந்த இடத்தில் தகரம் வைத்து முடுக்கியிருந்தார்கள். முன்கண்ணாடி மட்டும் புதிதுபோல இருந்தது. என் கணவர் ஈரத்துணியால் அதைத் துடைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஒரு கீறல் இல்ல பாரு. இந்தக் கண்ணாடி இனிமே எங்க தேடினாலும் கெடைக்காது. இதுக்காவத்தான் இந்த வண்டியே எடுக்கறன்."

நாங்கள் இருவரும் ஸ்கூட்டரில் போயிருந்தோம். எனக்கு அன்று இரண்டாம் ஷிஃப்ட். அதனால் கார் ஏறியதும் நான் ஸ்கூட்டரில் முன்னால் கிளம்பிவிடுவது, அவர் லாரியில் வருவது என்று ஏற்பாடு. ஸ்கூட்டரைத் தோப்புக்காரர் வீட்டுக்குப் பின்பக்கம் நிழலில் நிறுத்தி, கைப்பையையும் போனையும் அதன் பெட்டியில் வைத்திருந்தேன்.

லாரியை ஒரு மண்மேட்டில் பின்பக்கமாக அணைத்து, கையால் சுற்றுகிற விஞ்ச்சின் கம்பிக்கயிற்றை மாட்டிக் காரை உள்ளே இழுத்தார்கள். ஸ்டீயரிங்கைப் பிடிக்கவும் ஹேண்ட்பிரேக் போடவும் உள்ளே ஒரு ஆள் வேண்டும். எப்போதும் நான்தான். ஒல்லியாக இருக்கிறேன், சொன்னபடி கேட்பேன். கார் ஏறி நின்றதும் ஆடாமல் இருக்க இரண்டு பக்கமும் பழைய டயர்களைச் செருகினார்கள். வலப்பக்கம் என் கணவர், இடப்பக்கம் லாரிக்காரர். நான் அந்தப் பக்கமாக இறங்கிக்கொள்வேன் என்று இவரும், இந்தப் பக்கமாக இறங்குவேன் என்று அவரும் நினைத்திருக்கிறார்கள். நான் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி, முடித்துவிட்டு வந்து கூப்பிடுவார்கள் என்று உட்கார்ந்திருந்தேன்.

பின்கதவு மூடும் சத்தம் கேட்டது. செல்ஃப் சரியில்லை, அணைத்தால் மறுபடி கிளம்பாது என்று லாரிக்காரர் என்ஜினை அணைக்காமலே வைத்திருந்தார். அந்த இரைச்சலில் தோப்புக்காரர் என் கணவரிடம் ஒரு பை மாம்பழம் கொடுத்து ஏதோ சொல்வது கேட்டது. நான் "ஏங்க" என்றேன். இன்னும் கொஞ்சம் சத்தமாக "ஏங்க, நான் இன்னும் எறங்கல" என்றேன். லாரி நகர்ந்தது.

முதலில் சிரிப்புதான் வந்தது. மெயின் ரோட்டுக்குப் போகுமுன் நினைவு வந்து நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். கதவைத் தள்ளினேன். இரண்டு விரல் அகலம் திறந்து டயரில் முட்டியது. அந்தப் பக்கமும் அப்படியே. பின்கதவுகளும் அப்படியே. கண்ணாடியை இறக்கும் கைப்பிடிகள் ஒன்றுகூட இல்லை. பின்பக்கம் ஒரு கண்ணாடி மட்டும் மூன்று விரல் இறங்கியிருந்தது. ஹார்னை அழுத்தினேன். பேட்டரி இல்லாத காரில் ஹார்ன் எங்கே அடிக்கும்?

மே மாத வெயில். பதினொரு மணி இருக்கும். லாரியின் பக்கப் பலகைகள் காரைவிட உயரம் என்பதால் எனக்குத் தெரிந்தது உலகத்தின் மேல்பாதி மட்டும். புளியமரக் கிளைகள், மின்கம்பிகள், கட்சிக் கொடி, செல்போன் டவர், கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும் பாதி கட்டிய மாடி. ரோட்டில் போகிற ஒருவர்கூட என்னைப் பார்க்க முடியாது. சீட்டுக்கு அடியில் வீல் ஸ்பேனர் கிடைத்தது. அதால் கூரையைத் தட்டினேன். அந்த லாரியில் ஆயிரம் இடத்தில் தகரம் ஆடிச் சத்தம் போட்டது. அதில் என்னுடையதும் ஒன்று.

கொஞ்ச நேரத்தில் சேலை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கோழி எச்சமும் எலி நாற்றமும் சூடேறி மூக்கை அடைத்தன. அந்த மூன்று விரல் இடைவெளியில் வாயை வைத்து மூச்சு வாங்கினேன். கன்னத்தில் கண்ணாடி சுட்டது. வாந்தி வருவதுபோல இருந்தது. பிறகு வியர்வை நின்றுவிட்டது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. கம்பெனியில் ஃபர்னஸ் பக்கம் வேலை செய்கிறவர்களுக்குச் சொல்லித் தருவார்கள், வியர்வை நின்றால் உடனே வெளியே வந்துவிட வேண்டும் என்று.

வெளியே வர ஒரே வழி முன்கண்ணாடி. ஸ்பேனர் கையில் இருந்தது. நான் அதை ஓங்கினேன். ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு தட்டினேன். அது உடைக்கிற அடி இல்லை, யாரோ வீட்டுக் கதவைத் தட்டுகிற அடி. இன்னொரு முறை ஓங்கினேன், அப்போதும் அப்படித்தான். இனிமே எங்க தேடினாலும் கெடைக்காது என்பது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம், இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம் என்றே இருந்தேன்.

குருபரப்பள்ளிக்கு முன்னால் லாரி நின்றது. மாங்கூழ் ஃபேக்டரி ஒன்றின் வாசலில் மாங்காய் டிராக்டர்கள் வரிசை கட்டி ரோட்டை அடைத்திருந்தன. எங்கள் லாரியை ஒட்டி ஒரு டிராக்டர் வந்து நின்றது. லோடு மேல் தலையில் துண்டு கட்டிய ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். அவ்வளவு உயரத்தில் இருந்ததால்தான் அவரால் உள்ளே பார்க்க முடிந்தது. முதலில் சாதாரணமாகப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று கத்தினார்.

"அன்னா, கார்லோ ஆடமனிஷி உந்தன்னா!"

காருக்குள் பொம்பளை இருக்கிறாள் என்று அவர் தெலுங்கில் கத்தியது என்ஜின் இரைச்சலில் டிராக்டர்காரருக்குக் கேட்கவில்லை. அந்த அம்மா ஒரு மாங்காயை எடுத்து எங்கள் லாரி கேபின் மேல் வீசினார். இன்னொன்று. லாரிக்காரர் சண்டைக்கு இறங்கினார். அப்புறம்தான் நான் உள்ளே இருப்பது அவர்களுக்குத் தெரிந்தது.

டயர்களை உருவி எறிந்தது நினைவிருக்கிறது. என்னை லாரிச் சக்கரத்தின் நிழலில் உட்கார வைத்தார்கள். அந்த அம்மா இறங்கிவந்து பாட்டில் தண்ணீரைத் தலையில் ஊற்றினார், வாயிலும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். என் கணவர் முகம் வெளுத்துப்போய் நின்றார்.

"நீ ஸ்கூட்டர்ல போயிட்டனு நெனச்சனே. போன் பண்ணன், நீ எடுக்கல. வண்டி ஓட்டிகினு இருப்பனு உட்டுட்டன்."

ஸ்பேனர் அப்போதும் என் கையில்தான் இருந்தது. அந்த அம்மா அதைப் பிடுங்கிக் கீழே போட்டார். "இதக் கையில வெச்சிகினு எதுக்கும்மா சும்மா இருந்த? கண்ணாடிய ஒடைக்க வேணாமா?" என்று தமிழில் கேட்டார்.

என் கணவர் நிமிர்ந்து லாரி மேல் இருந்த காரின் முன்கண்ணாடியைப் பார்த்தார். பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "ஆமா, ஒடச்சிருக்கலாம் இல்ல?" என்றார். மனதாரத்தான் சொன்னார். ஆனால் முதலில் பார்த்தது கண்ணாடியை. அதை நான் கவனித்தேன் என்று அவருக்குத் தெரியாது.

நான் உடைத்திருந்தால் அவர் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். நானோ முக்கால் மணி நேரம் ஒரு கண்ணாடிக்குக் காவல் இருந்திருக்கிறேன்.

இரண்டு நாள் படுத்திருந்தேன். ஒரு நாள் ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏறியது. என் கணவர் என் கம்பெனிக்கு லீவு சொல்லி, ரசம் வைத்து, இளநீர் வாங்கிவந்து எல்லாம் செய்தார். மூன்றாம் நாள் லாரிக்காரர் போன் செய்தார். அந்தப் பேச்சு முடிந்ததும் என் கணவர் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"சைடு பலகைய கழட்டிடலாம். லாரி நல்ல லாரி. இன்ஜின் சுத்தமா இருக்குது. எடுத்துக்கலாமா?"

"நான் கையெழுத்து போட மாட்டன்" என்றேன்.

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை. புரியாமல் பார்த்தார். பதினாறு வருஷத்தில் நான் அந்த மாதிரி ஒரு வாக்கியம் சொன்னதில்லை.

"அப்ப எந்த வண்டிக்குப் போடுவ?"

"உள்ள ஆள் ஒக்காராமயே கார் ஏறணும். ஏறினப்புறம் ரெண்டு பக்கமும் கதவு தெறக்கணும். அந்த மாதிரி வண்டின்னா போடறன்."

"மாங்கா லோடு அடிக்க முடியாதே."

"முடியாது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரிக்குப் போனோம். ஹைவே ஓரத்து யார்டு ஒன்றில் ரெக்கவரி வண்டிகள் நின்றன. பக்கச் சுவரே இல்லாத தட்டையான தளம், அது அப்படியே பின்னால் சறுக்கித் தரையைத் தொடும். ஒயரில் தொங்கும் பட்டனை அழுத்தினால் விஞ்ச் காரை இழுத்துக்கொள்ளும். விற்கிறவர் எத்தனை டன் தாங்கும், மேட்டில் எப்படி இழுக்கும் என்பதையெல்லாம் என் கணவரிடமே சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஒரு காரை ஏற்றிக் காட்டச் சொன்னேன். நான்கு சக்கரத்தையும் பட்டை போட்டு இறுக்கியதும் தளத்தின் மேல் ஏறினேன்.

"மேடம், அதுக்குள்ள யாரும் ஒக்கார மாட்டாங்க மேடம்."

"தெரியும். நான் ஒக்காந்து பாக்கறன்."

உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். வலப்பக்கக் கதவைத் திறந்தேன். முழுதாகத் திறந்தது. சாத்திவிட்டு இடப்பக்கம் நகர்ந்து அதையும் திறந்தேன். கீழே நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்று வண்டியில் அப்படிப் பார்த்தோம். ஒன்றில் விஞ்ச்சின் இரும்புத் தூண் கதவை இடித்தது, வேண்டாம் என்றேன். கடைசியில் எடுத்தது மூன்றிலும் சின்னது. ஒரு காருக்கு மேல் ஏற்ற முடியாது.

வண்டி நன்றாகவே ஓடுகிறது. கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ரிப்பேராகி நிற்கும் கார்களுக்காக ஹைவேயிலிருந்து தினமும் அழைப்பு வருகிறது. கார்களைச் சரிசெய்து விற்பதைவிட அதில்தான் வருமானம். ஆனால் கொண்டுவருவது சுலபமாகிவிட்டதால் வீட்டில் நிற்கும் கார்கள் மூன்று ஐந்தாயின. அந்த உருண்டை மூக்குக் கார் இன்னும் விற்கவில்லை. தவணை முடியும்வரை நான் வேலையை விட முடியாது என்பது கையெழுத்துப் போட்ட அன்றே எனக்குத் தெரியும். பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் கேட்ட வண்டி, நானே தேர்ந்தெடுத்தது. யாரைக் குறை சொல்வது? அக்காவிடம், "வருவேன், இப்ப இல்ல" என்றேன். அவளிடம் நான் அதற்கு முன்பு வருவதாகச் சொன்னதே இல்லை என்பதால் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கம்பெனி பஸ்ஸில் இப்போது கதவை ஒட்டிய சீட்டில்தான் உட்காருகிறேன். ஏசி பஸ் விட்டபோது ஜன்னல் திறக்காது என்று தெரிந்து, இரண்டு வாரம் டவுன் பஸ்ஸில் போனேன். பிறகு பழகிவிட்டது. பழகியது என்று சொல்கிறேன். மூச்சை எண்ணிக்கொண்டு போகிறேன்.

போன மாதம் லீவு நாள் ஒன்றில் அவரோடு அஞ்செட்டி பக்கம் போயிருந்தேன். நாட்றாம்பாளையத்தில் ஒரு பழைய ஜீப். விஞ்ச் கொக்கியை மாட்டிவிட்டு, பட்டனை அழுத்துவதற்கு முன் அவர் ஜீப்பைச் சுற்றிவந்தார். கதவைத் திறந்து முன்சீட், பின்சீட், சீட்டுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார். பிறகு தகரத்தில் கையால் இரண்டு தட்டு தட்டி, "யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டார். ஜீப் விற்கிறவர் சிரித்தார்.

"எல்லா வண்டிக்கும் இப்பிடித்தான் கேக்கறாரா?" என்று என்னைக் கேட்டார்.

எனக்குத் தெரியாது என்றேன். அவர் அப்படிக் கேட்பதை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். நான் லாரியில் மாட்டிக்கொண்ட அந்த நாளைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. அவர் பட்டனை அழுத்தினார். ஜீப் மெதுவாக மேலே ஏறியது. நான் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.