சேறு கேட்டவர்கள்

ஆலங்காயத்துக்கு அந்தப் பக்கம், காப்புக்காட்டை ஒட்டி எங்களுக்கு மேட்டு நிலம். வேர்க்கடலை போட்டால் பாதி காட்டுப்பன்றிக்கு, மீதி வெயிலுக்கு. சென்னையில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்த என் கொழுந்தன் அதில் பைக் பந்தயத் தடம் போட்டான். சனி, ஞாயிறுகளில் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆட்கள் வந்து கூடாரம் அடித்துத் தங்கினார்கள். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்த நான், வேலையை விட்டுவிட்டு அவர்களுக்குச் சமைக்க ஆரம்பித்தேன். விடியுமுன் கம்பெனி வேனுக்கு ஓட வேண்டாம். சந்தோஷமாகத்தான் இருந்தது.

நிலத்தின் கோடியில் ஒரு குட்டை. கோடையில் காட்டுக்குள் தண்ணீர் வற்றினால் புள்ளிமான்கள் அங்கேதான் இறங்கும். அடுப்படி ஜன்னலிலிருந்தே பார்ப்பேன். தலை குனிந்து குடிக்கும்போதும் காது மட்டும் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பியிருக்கும்.

வண்டிச் சத்தம் ஏற ஏற, வருகிற மான் கம்மியாகிவிட்டது. கொழுந்தனிடம் சொன்னேன். அவன் கெட்டவன் இல்லை. குட்டையைச் சுற்றிக் கம்பு நட்டு நாடா கட்டினான். வெயில் ஏறும்வரை யாரும் வண்டியைக் கிளப்பக் கூடாது என்றான். மான்கள் திரும்ப வந்தன. இரண்டும் சேர்ந்து நடக்கும் என்று நானும் நம்பினேன்.

சித்திரையில் ஒரு பெரிய கிளப் வந்தது. தடத்தைப் பார்த்து முகம் சுளித்தார்கள். சேறு வேண்டுமாம். அந்த வெயிலில் சேறு இருந்த ஒரே இடம் குட்டைதான்.

“வேணாம் தம்பி,” என்றேன்.

“ஒரு நாளைக்குத்தானே அண்ணி. இவங்கள உட்டா வேற எடம் போய்டுவாங்க.”

“மான் எங்க போவும்?”

“காடு ஃபுல்லா சுத்துது. எங்கயாவது குடிச்சிக்கும்.”

நாடாவை அவனே அறுத்தான். பகல் முழுக்க வண்டிகள் குட்டைக்குள் விழுந்து எழுந்தன. சாயங்காலம் அங்கே தண்ணீர் இல்லை. ஆயில் மிதக்கும் குழம்புதான் இருந்தது. அன்று பிரியாணி தீர்ந்துபோய் நான் மறுபடி உலை வைத்தேன்.

மறுநாள் காலை ஒரு பெண் மான் எங்கள் மாட்டுத் தொட்டியைத் தேடி வந்துவிட்டது. தெருநாய்கள் துரத்த, குளியலறைக்குள் ஓடிவந்து விழுந்தது. நாய்களைக் கழியால் அடித்து விரட்டிக் கதவைச் சாத்தினேன். தொடையில் ஒரே ஒரு கடி. பிழைத்துவிடும் என்று நினைத்தேன். அதற்குள் கூடாரங்களிலிருந்து எல்லோரும் செல்போனோடு வந்து கதவைத் தள்ளினார்கள்.

“அக்கா, ஒரே ஒரு போட்டோ.”

கத்திப் பார்த்தேன். நான் கத்துவதையும் ஒருத்தன் வீடியோ எடுத்தான்.

வனக்காவலர் வருவதற்குள் அது செத்துவிட்டது. “கடியால இல்லம்மா, பயத்துலயே போய்டும்,” என்றார். நான் குட்டையைக் கைகாட்டினேன். “பட்டா நிலமா?” என்று கேட்டார். ஆமாம் என்றதும் பேச்சு முடிந்தது.

கொழுந்தன் அழுதான், பொய்யில்லை. காட்டோரம் சிமென்ட் தொட்டி கட்டி லாரித் தண்ணீர் ஊற்றினான். காக்கா குடிக்கிறது, மயில் குடிக்கிறது. மான் வந்து நான் பார்க்கவில்லை. குட்டை தடத்தோடு சேர்ந்துவிட்டது. கோடையிலும் போர் தண்ணீர் பாய்ச்சி அதைச் சேறாகவே வைத்திருக்கிறான்.

பேஜாராகி, கம்பெனிக்கே திரும்பப் போய் வேலை கேட்டேன். “வயசு ஜாஸ்தி ஆயிடுச்சேக்கா, இப்ப சின்னப் பொண்ணுங்களத்தான் எடுக்கறாங்க,” என்றாள் சூப்பர்வைசர். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. மறுநாள் வருகிறவர்களுக்குக் கறி சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.