எதிர்வீட்டு வாசலில் நான் விட்ட தண்ணீர்

நான் வரைந்த ஒரு மழைப் படத்தால், எதிர்வீட்டு மாடிக்கு வரவிருந்த குடித்தனம் வராமல் நின்றது. தப்பு என்னுடையதுதான், இப்போது ஒப்புக்கொள்கிறேன். எதிர்வீட்டுக்காரர் வந்து கேட்ட அன்று காலையில் அவ்வளவு லேசில் ஒப்புக்கொள்ளவில்லை.

ஆவடிக்குப் பக்கத்தில் கோவில்பதாகையில் நாங்கள் குடிவந்து ஆறு வருஷம் ஆகிறது. சாயங்காலத்தில் பிள்ளைகளுக்குக் கணக்கு ட்யூஷன் எடுக்கிறேன். பகலில் மழை பெய்தால் ஜன்னலோரம் உட்கார்ந்து வாட்டர்கலரில் வரைவேன். வெயிலை எனக்கு வரையத் தெரியாது, பிடிக்கவும் பிடிக்காது. மழை என்றால் அடுப்பில் குழம்பு கொதித்தாலும் தூரிகையைத் தூக்கிவிடுவேன். கார்த்திகை மாதம் முழுக்கத் தீய்ந்த குழம்பு சாப்பிட்டு என் வீட்டுக்காரருக்கு அது பழகியே போய்விட்டது.

அந்தப் படத்தில் எதிர்வீட்டை வரைந்திருந்தேன். மஞ்சள் கேட், நீலச் சுவர், கதவு எண் எல்லாம் அச்சு அசலாக இருந்தன. மேல்பாதி பிரமாதமாக வந்துவிட்டது. கீழ்ப்பாதியில் இருந்ததோ பெயர்ந்த சிமெண்ட் ரோடும் அறுந்து கிடந்த ஒரு கேபிள் சுருளும். அதைப் போய் யார் வரைவது? வாசலின் இரண்டாம் படி முழுகும் அளவுக்குத் தண்ணீரை விட்டேன். மஞ்சள் கேட் அதில் தலைகீழாக விழுந்து நெளிந்தது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. 'எங்கள் தெருவில் மழை' என்று எழுதித் தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அங்கிருந்து யாரோ யாருக்கோ அனுப்ப, படம் ஊரைச் சுற்றிவிட்டது.

மூன்றாம் நாள் காலை எதிர்வீட்டுக்காரர் செல்போனை நீட்டியபடி வந்து நின்றார். பரம்பரையாக இதே ஊர்க்காரர். ஆவடியில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார்.

"இன்னாம்மா இது? என் ஊட்ட இப்டி முயுகடிச்சிட்டியே!"

"படம்தானேண்ணே. அழகுக்காகப் போட்டேன்."

"உனுக்கு அயகு. மாடிக்கு வர்றேன்னு பால் காய்ச்ச நாள் குறிச்ச பொண்ணு, இத்த பாத்துட்டு வேணாம்னுட்ச்சி. நம்ம தெருவுல எப்பம்மா இவ்ளோ தண்ணி நின்னுச்சு? அர மணி நேரத்துல வடிஞ்சிடும்ல?"

"மாடிக்குத்தானே வர்றாங்க, தண்ணி நின்னா அவங்களுக்கு என்ன?"

"மாடிக்கு நீஞ்சிகினா போறது?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. படத்தைப் படமாகப் பார்க்கத் தெரியாதவர்களுக்கு நான் என்ன செய்ய முடியும் என்று கேட்டேன். இன்னும் நாலு வார்த்தை சேர்த்தே சொல்லியிருப்பேன். அதற்குள் அவர் குரல் இறங்கிவிட்டது.

"வாடகைக்கோசரம் சொல்லலம்மா. ஆடி மாசம் எம் பொஞ்சாதி பாத்ரூம்ல வயிக்கி வியிந்துட்ச்சி. காலைல வியிந்தது, சாய்ந்திரம் நான் கடைலேர்ந்து வந்து தூக்கற வரிக்கும் அப்டியே கெடந்துச்சு. கூப்ட்டா கேக்கறதுக்கு மேல ஒரு குடும்பம் இருந்தா போதும்னுதான் இத்தினி மாசமா ஆளு தேடிகினு கீறேன்."

நான் எதிர்வீட்டில்தான் இருக்கிறேன். அன்று பகல் முழுக்க இங்கேதான் இருந்திருப்பேன். எனக்குத் தெரியவே தெரியாது. வெட்கமாக இருந்தது. அந்தப் பெண்ணின் நம்பரை வாங்கி, அவர் எதிரிலேயே பேசினேன்.

அம்பத்தூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கிற பெண். இப்போது குடியிருக்கும் முகப்பேர் வீட்டில் போன மழைக்குத் தண்ணீர் உள்ளே புகுந்து, பிரிட்ஜ் மிதந்ததாம். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இன்னொரு தடவை அந்தப் பாடு படமுடியாது என்றாள்.

"வரைஞ்சது நான்தாம்மா. மழை நிஜம். தண்ணி மட்டும் பொய்."

"கதவு நம்பர்கூடச் சரியா இருக்கு. தண்ணி மட்டும் எப்படிங்க பொய்யாகும்?"

வேறு சமயமாக இருந்தால் இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு பூரித்திருப்பேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அடுத்த மழை பேயும்போது போன் பண்ணுங்க. நேர்ல வந்து பாக்கறேன்" என்றாள்.

அதற்கப்புறம் ஒரு வாரம் வெயில் கொளுத்தியது. சனிக்கிழமை மதியம் வானம் கறுத்ததும் போன் செய்தேன். மழையைப் பார்த்து 'மெதுவாப் பெய்யேன்' என்று நான் கெஞ்சியது அதுதான் முதல் தடவை. அது காதிலேயே வாங்கவில்லை, கொட்டு கொட்டென்று கொட்டியது. அந்தப் பெண்ணும் கணவரும் குழந்தையை அவள் அம்மாவிடம் விட்டுவிட்டு, ரெயின்கோட்டோடு பைக்கில் வந்து இறங்கினார்கள். எதிர்வீட்டுக்காரர் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தார். பரீட்சை ரிசல்ட் ஒட்டிய பலகையைப் பார்ப்பதுபோல நாலு பேரும் குடைபிடித்து நின்று வாசல் படியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

தண்ணீர் ஏறியது. கீழ்ப்படியைத் தொட்டது. அந்தப் பெண் கணவரைப் பார்த்தாள். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

அந்த நேரம் பார்த்து மஞ்சள் கேட்டைத் திறந்துகொண்டு எதிர்வீட்டம்மா வெளியே வந்தார். ஒரு கையில் ஊன்றுகோல், இன்னொரு கையில் தூக்கிப்பிடித்த புடவைக் கொசுவம். யாரும் தடுப்பதற்குள் படியிறங்கித் தண்ணீரில் நின்றுவிட்டார்.

"பாத்துக்க கண்ணு. மெட்டிதான் முயுகுது. கணுக்காலு காஞ்சிதான் கீது."

அந்த மழையில் எந்தக் கணுக்காலும் காய்ந்திருக்கவில்லை.

"வயிக்கினா இன்னாடி பண்ணுவே!" என்று எதிர்வீட்டுக்காரர் அலறினார். அவருக்கு முன்னால் அந்தப் பெண் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏம்மா, இந்தக் காலை வெச்சுக்கிட்டு யாராவது தண்ணியில இறங்குவாங்களா?" என்று பெற்ற பெண் மாதிரி அதட்டினாள். எதிர்வீட்டம்மாவுக்கு அந்த அதட்டல் ரொம்பப் பிடித்துவிட்டது. முகத்திலேயே தெரிந்தது.

மழை விட்டது. அரை மணி நேரத்தில் தண்ணீர் வடிந்து பெயர்ந்த ரோடு பல்லைக் காட்டியது. அந்த ரோட்டைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை. எதிர்வீட்டிலேயே எல்லோருக்கும் டீ. அந்தப் பெண் மாடிக்கு ஏறிக்கூடப் பார்க்கவில்லை. "புதன்கிழமை நல்ல நாளான்னு பாருங்க, பால் காய்ச்சிடலாம்" என்றாள். எதிர்வீட்டுக்காரர் காலண்டரைக் கழற்றி எடுத்துவர ஓடினார்.

நான் எதிர்வீட்டம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே கையை வீசினார்.

"வுடு கண்ணு. நீ அங்க வரையசொல்லோ, நான் இங்க ஜன்னலாண்ட ஒக்காந்து உன்னத்தான் பாத்துகினு இருப்பேன். எனுக்கு அதான் பொயுதுபோக்கு. இவுரு படத்தக் காட்டனதும் மொதல்ல என்னத்தான் தேடுனேன். இல்லாத தண்ணியப் போட்டுக்கீற, இருந்த என்ன வுட்டுட்டியே!"

கிண்டலாகத்தான் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் புதுத் தாள் எடுத்து அந்த ஜன்னலை மட்டும் பெரிதாக வரைய உட்கார்ந்தேன். கம்பி வந்தது, நெற்றி வந்தது, வாரி முடிந்த தலை வந்தது. மூக்குத்திக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. வலப்பக்கமா, இடப்பக்கமா? இப்போதுதான் அவர் எதிரே உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வந்திருந்தேன். ஆறு வருஷமாக எதிரெதிரே இருக்கிறோம்.

தூரிகையைத் தண்ணீரில் போட்டுவிட்டு, தெருவைக் கடந்து பார்க்கப் போனேன்.