லின்னின் கிண்ணத்தில் நான் வைத்தது

எனக்கு அறுபத்தொன்பது வயது. ஏழு பேரை வளர்த்தேன். பெற்றது ஐந்து, தம்பி விட்டுப்போனது இரண்டு. ஏழு பேரையும் படிக்க வைத்தேன். எனக்கு எழுத்துப் பிடிபட்டது முப்பத்தைந்து வயதுக்குப் பிறகு, எங்கள் ஊர் வாசிகசாலையில். அந்த வாசிகசாலைக்காரர்தான், “போற இடத்தைப் பற்றி எழுதித் தாங்கோ, போகாத ஆக்கள் வாசிக்கட்டும்” என்று கேட்டார்கள். ஆறுதலாக, மெள்ள மெள்ளத்தான் எழுதுவேன். எழுத்துப் பிழையைத் திருத்துங்கள், விஷயத்தைத் திருத்தவேண்டாம்.

1998 மாசியில் காங்கேசன்துறையில் காலை எட்டு மணிக்குக் கப்பல் ஏறினேன். திருகோணமலையில் இறங்கி, பஸ்ஸில் கொழும்பு. அங்கிருந்து விமானத்தில் ரோமாபுரி. சோதனை போட்ட இடத்திலெல்லாம் என் கைப்பையிலிருந்து ஒரே சாமானைத்தான் எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு ரூபாய் நாணயக்குற்றி அளவில் ஒரு சிவப்புத் தகரச் சின்னம், பின்னால் ஊசி. நடுவில் சீனத் தலைவரின் முகம். கொழும்பில் ஒரு கட்சிக் கூட்டத்தில் என் கணவருக்குக் கொடுத்தது. அவர் போய்ப் பதினாறு வருஷம். மூன்று தரம் இடம்பெயர்ந்ததில் நகைப்பெட்டி போனது. இது போகவில்லை.

இதன் பெறுமதியைச் சொல்லவேண்டும். எங்கள் ஊர்த் தேநீர்க்கடையில் எங்கள் சாதியாருக்குத் தகரப்பேணி, மற்றவர்களுக்குக் கண்ணாடிக் கிளாஸ். கட்சிக்காரர் மாதக்கணக்கில் அடிவாங்கி அந்த வழக்கத்தை உடைத்தார்கள். முதல் நாள் கிளாஸில் குடிக்கப் போனபோது என் கணவரின் சட்டையில் இந்தச் சின்னம் இருந்தது. நானும் கூடப் போனேன். கிளாஸ் சுட்டது. நான் கீழே வைக்கவில்லை.

ரோமாபுரியிலிருந்து, கடலுக்கு அப்பால் தீவிலிருக்கும் பலெர்மோவுக்கு ரயிலில் பன்னிரண்டு மணித்தியாலம். மருமகன் தயாபரன் கூட்டிப்போக வந்திருந்தார். நாட்டின் நுனியில் கடல் வந்ததும் ரயில் நின்றது.

“மாமி, இப்ப ரயில் கப்பலுக்குள்ள போகப்போகுது.”

“கதை விடாதையும், தம்பி.”

உண்மையாகவே போனது. ரயிலைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கப்பலின் வயிற்றுக்குள் தள்ளினார்கள். அக்கரையில் மறுபடி பூட்டினார்கள். பிரித்ததைப் பிசகாமல் பூட்ட முடிகிறதே என்று ஆச்சரியமாக இருந்தது.

மகள் ராஜினி இருப்பது வுச்சீரியாச் சந்தைக்குப் பின்னால், நாலாம் மாடியில். எண்பத்திரண்டு படி. காலை ஏழு மணிக்கு மீன்காரர் கத்தத் தொடங்குவார்கள். வாள்மீனின் தலையை வெட்டி, மூக்கு வானத்தைப் பார்க்க நிறுத்தி வைப்பார்கள். சந்தையின் ஓரத்தில் ஒரு வீடு கூரையில்லாமல் நிற்கிறது, உள்ளே அத்திமரம் முளைத்திருக்கிறது. பழைய உலக யுத்தத்தில் குண்டு விழுந்ததாம். ஐம்பது வருஷத்துக்கு மேலாகியும் ஒருவரும் கட்டவில்லை. எங்கள் ஊரில் இடிந்தவையும் இப்படியே நிற்கப்போகின்றன என்று நினைத்துக்கொண்டு படியேறினேன். ராஜினிக்கு லிபெர்த்தாத் தெருவில் ஒரு பணக்காரச் சிஞோராவின் வீட்டில் வேலை. பஸ்ஸுக்கு ஆயிரத்தைந்நூறு லீரா. அந்தப் பக்கத்துத் தெருவெல்லாம் மரமும் கண்ணாடியும். ஒரு தரம் போய்ப் பார்த்தேன், போதும்.

மூன்றாம் மாடியில் லின் இருக்கிறாள். சீனப் பெண், ஐம்பது வயதிருக்கும், தனி ஆள். வீட்டிலிருந்தே கைப்பைகளுக்குப் பிடி தைத்துக் கொடுக்கிறாள். வந்த இரண்டாவது கிழமை என் குளிர்ச்சட்டையின் சிப் அறுந்துபோக, காசு வாங்காமல் மாற்றித் தந்தாள். நான் வடை சுட்டு அனுப்பினேன். அவள் நீலக்கரை போட்ட வெள்ளைக் கிண்ணமொன்றில் கொழுக்கட்டை மாதிரி ஒன்றை அவித்து அனுப்பினாள். வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்புவது எங்களில் வழக்கமில்லை. அவளுக்கும் அப்படித்தான் போலிருக்கிறது. இரண்டு மாதமாக அந்த ஒரே கிண்ணம் படியில் ஏறியும் இறங்கியும் திரிந்தது.

“அம்மா, ஆரேன் ஒராள் தோத்தாத்தான் இது முடியும்” என்றாள் ராஜினி.

“அப்ப அவ தோக்கட்டும்” என்றேன்.

என் விசா மூன்று மாதம். போவதற்கு ஒரு கிழமைக்கு முன் கிண்ணம் வந்தபோது, சாப்பாட்டுச் சாமானைவிடப் பெரிதாக ஒன்று கொடுக்கவேண்டும் என்று தோன்றியது. நான் கண்மூடினபின் இந்தச் சின்னத்தின் அருமை ஆருக்குத் தெரியும்? சீனத்துப் பிள்ளைக்குத் தெரியும். சாம்பல் போட்டு மினுக்கி, பஞ்சில் வைத்து, கிண்ணத்தில் இட்டுப் பேத்தி தர்ஷினியிடம் கொடுத்து அனுப்பினேன்.

ஞாயிறு பின்னேரம் நாலு மணி. ராஜினியும் மருமகனும் எனக்குச் சாமான் வாங்கப் பொலிதேயாமாப் பக்கம் போயிருந்தார்கள். லின் கிண்ணத்தோடு மேலே வந்தாள். சின்னம் அதற்குள்ளேயே இருந்தது, முகம் கவிழ்ந்து. கதிரையின் நுனியில் இருந்தாள். அவளுக்குக் கொஞ்ச இத்தாலியன்தான் தெரியும், எனக்கு அதுவுமில்லை. நடுவில் தர்ஷினி, பன்னிரண்டு வயது.

“அம்மம்மா, இது ஆர் தந்ததெண்டு கேக்கிறா.”

“அம்மப்பான்ர எண்டு சொல்லு. இதைக் குத்திக்கொண்டுதான் நாங்கள் கிளாஸிலை தேத்தண்ணி குடிச்சனாங்கள் எண்டு சொல்லு.”

சொன்னாள். லின் தலையாட்டினாள்.

“அது நல்லதாம். தன்னட்டையும் ஒண்டு இருந்ததாம்.”

பிறகு லின் ஆறுதலாகச் சொல்லத் தொடங்கினாள். முதலில் தர்ஷினி ஒவ்வொன்றுக்கும் “அவ சொல்லுறா” என்று போட்டுத்தான் சொன்னாள். கொஞ்சத்தில் அதை விட்டுவிட்டாள்.

“எனக்குப் பதினேழு வயசு. அப்பா எங்கட பள்ளிக்கூடத்திலைதான் ரீச்சர். கலாசாரப் புரட்சி எண்டு பிள்ளையள் எல்லாரும் ரீச்சர்மாரை மேடையிலை ஏத்தினவை. கடுதாசித் தொப்பி போட்டு முழங்காலிலை இருத்தினவை. நீ ஆரின்ர பக்கம், காட்டு எண்டு என்னட்டைக் கேட்டவை. நான் பெல்ட்டைக் கழட்டி…”

தர்ஷினி நிறுத்தினாள்.

“அம்மம்மா, நான் இனிச் சொல்லேல்லை.”

“சொல்லு பிள்ளை. அவ சொல்லி முடிக்கட்டும்.”

“நான்தான் முதல் அடிச்சனான். அப்பாவை. அடுத்த கிழமை அப்பா ஆத்திலை இறங்கிட்டார்.”

என் பேத்தியின் வாயால் அதைக் கேட்டேன். அந்தப் பிள்ளையைச் சொல்லவைத்தது பிழை. அப்போது தெரியவில்லை.

மிச்சம் கொஞ்சம்தான். பன்னிரண்டு வருஷம் கழித்து அரசாங்கத்திடமிருந்து கடிதம் வந்ததாம், உங்கள் தகப்பனில் ஒரு குற்றமும் இல்லை என்று. தாய் அதை மடித்து லின்னின் கையில் கொடுத்தாளாம். அதற்குப் பிறகு சாகும்வரை மகளோடு கதைக்கவில்லையாம். ஊரில் அடித்தவர்களும் அடிவாங்கினவர்களும் ஒரே கடையில் மீன் வாங்குகிறார்களாம். ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. அந்தக் கேளாமைக்குள் இருக்க முடியாமல்தான் இவ்வளவு தூரம் வந்தாளாம். வந்தும் அது விட்டுப்போகவில்லையாம்.

“உங்களை இதைத் திரும்ப ஊருக்குக் கொண்டுபோகட்டாம். இந்த வீட்டிலை இருக்கிறது தனக்குக் கீழை கேக்குமாம்.”

லின் எழும்பிப் போனாள்.

நான் அவளிடம் சொல்லாதது ஒன்று உண்டு. அந்த வருஷங்களில் எங்கள் வாசிகசாலையில் பின்னேர வகுப்பு முடிய என் கணவர் பத்திரிகையை உரக்க வாசிப்பார். சீனாவில் மாணவர்கள் பழைய ஆசிரியர்களை மேடையேற்றி நியாயம் கேட்கிறார்கள் என்று ஒருநாள் வாசித்தார். நாங்கள் கை தட்டினோம். பக்கத்திலிருந்தவர்களைவிட நான் பலமாகத் தட்டினேன், வாசிப்பது என் மனுசன் என்ற பெருமையில். அந்த மேடைகளில் ஒன்றில் லின்னின் தகப்பன் இருந்தார்.

கிளாஸில் குடித்தது பொய்யில்லை. அதை ஒருவருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஆனால் என் மனுசன் உயிரோடு இருந்தால் கேட்டிருப்பேன், இது தெரியுமா என்று. தெரியாது என்றாலும் எனக்கு ஆறாது, தெரியும் என்றாலும் ஆறாது.

இன்று போகிறேன். ரயில் பின்னேரம் ஆறு மணிக்கு. சின்னம் வந்த பைக்குள்ளேயே திரும்பக் கிடக்கிறது. கடலில் போடலாம் என்றார் மருமகன். என் கையால் முடியாது, சட்டையில் குத்தவும் முடியாது. லின்னின் கிண்ணம் கழுவிக் குசினியில் கவிழ்த்திருக்கிறது. அதில் வைக்க என்னிடம் ஒன்றுமில்லை. வெறுங்கிண்ணமாகத்தான் கொடுக்கப்போகிறேன். கொடுக்கும்போது கை தட்டினதைச் சொல்லவேண்டும். சொன்னபின் அவள் என் முகத்தைப் பார்ப்பாளோ தெரியாது. பார்க்காவிட்டாலும் அந்தச் சொல் அவளுக்குச் சேரவேண்டியது.

இப்போது மணி மூன்று. தர்ஷினி பக்கத்தில் நிற்கிறாள், ஞாயிறு வகுப்பில் தமிழ் எழுத்துக் கூட்டப் பழகியிருக்கிறாள். முதலில் எனக்கு வாசிக்கட்டும், பிறகு இரண்டு பேரும் ஒரு மாடி கீழே இறங்குவோம்.

இந்தா பிள்ளை, தொடக்கத்திலையிருந்து வாசி. அண்டைக்கு நிப்பாட்டின இடத்திலை வேணுமெண்டால் நிப்பாட்டு. நான் கை தட்டின இடத்திலை மட்டும் நிப்பாட்டாதை.