உப்புக்காற்றும் கூடுதல் கேரண்டியும்

மட்டாஞ்சேரியில் மழை பிடித்துவிட்டால் தீப்பெட்டியைக்கூட நம்ப முடியாது. குச்சி நமத்துப்போகும், உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும். எண்பதுகளின் தொடக்கத்தில், கோவில்பட்டியின் காய்ந்த வெயிலிலிருந்து இங்கே மிளகுக் கிடங்குக்குக் கணக்கெழுத வந்த எனக்கு, எதையும் சந்தேகப்படும் குணம் இந்த ஈரத்தில்தான் முற்றியது.

அப்போது ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த ஒரு டூ-இன்-ஒன் பெட்டி வாங்கப் போனோம். நான் கிடங்குக்குப் போனபின் பக்கத்துச் சுள்ளிக்கல் பகுதி வாடகை வீட்டில் என் மனைவி சரோஜாவுக்குத் தமிழ் பேச ஆளில்லை. திருநெல்வேலி வானொலி எடுத்தால் போதும் என்றாள். கடைக்காரர் வர்கீஸ் பெட்டியை ஆகா ஓகோவென்று புகழ்ந்தார். நான் பணத்தை எடுத்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"இவிட உப்புக்காற்றல்லே, அண்ணாச்சி? உள்ளே எல்லாம் கேடாகும். கொறச்சு பைசா கூடத் தந்நா, ரெண்டு கொல்லம்கூடி உறப்பு."

கொல்லம் ஓர் ஊர், உறைப்பு மிளகில் இருப்பது. உப்புக்காற்றில் கெட்டுப்போகும், இன்னும் கொஞ்சம் காசு கொடு என்பதைத் தாண்டி எனக்கு எதுவும் புரியவில்லை. கொல்லம் என்றால் வருஷம், உறப்பு என்றால் உத்தரவாதம் என்று சரோஜாதான் காதில் சொன்னாள். அவளுக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்கவும் தோன்றவில்லை. என் புத்தி முழுக்க அந்தக் கூடுதல் பணத்தில் இருந்தது. ஊரில் என் அப்பாவுக்கு ரேடியோ விற்றவர், "கெட்டுப்போனா கொண்டாந்து என் மூஞ்சியில எறிங்க" என்றார். அதற்குத் தனியாகக் காசு கேட்கவில்லை. இவரோ இப்போதுதான் புகழ்ந்தார், அதற்குள் கெட்டுப்போகும் என்கிறார். இதில் எது பொய்?

"வேண்டாம், போகலாம்" என்றேன்.

"இது நின்னுபோச்சுன்னா நான் யார் குரலைக் கேப்பேன்?" என்றாள். கண் கலங்கியிருந்தது. மனம் இளகி, சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் வர்கீஸ் பக்கம் திரும்பினாள்.

"சேட்டா, துரும்பு வந்நாலும் நன்னாக்கித் தருமோ?"

துரும்பு எங்கே வந்தது என்று விழித்தேன். அது துருவாம்; துருப்பிடித்தாலும் சரிசெய்து தருவாரா என்று கேட்கிறாளாம். வர்கீஸ் மேஜையைத் துடைப்பதுபோலப் பாவனை செய்தார்.

"அது... துரும்பினு மாத்ரம் இல்ல, சேச்சி." துருவுக்கு மட்டும் உத்தரவாதம் கிடையாதாம்.

"பின்னே எந்தினா உறப்பு?" பிறகு அந்த உத்தரவாதம் எதற்கு என்று கேட்டுவிட்டு, பெட்டியை மட்டும் கட்டித்தரச் சொன்னாள்.

படகுத்துறைப் பக்கமாக நடந்து வரும்போது கேட்டேன்: "எப்போ கத்துக்கிட்டே?"

"பக்கத்து வீட்டு ஆயிஷாகிட்ட. நீங்க வர்ற வரைக்கும் ஊமையா உக்காந்திருக்க முடியுமா?"

அன்றிலிருந்து என் சந்தேகம் வேறு பக்கம் திரும்பியது. இந்த ஊரில் அவளுக்கு யாருமில்லை என்று நம்பிக்கொண்டிருந்தது நான் மட்டும்தானா?

இரண்டாம் மழைக்காலத்தில் பெட்டி நின்றது. துருதான். கைக்காசு போட்டுச் சரிசெய்யக் கொடுத்தோம். வீடு மௌனமாகிவிடும் என்று பயந்தேன். ஆகவில்லை. அன்று மாலை சரோஜா வாசற்படியில் நின்று, ஆயிஷாவிடம் மலையாளத்தில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நடுவே உள்ளே திரும்பி, "உலை கொதிக்குது பாருங்க" என்று எனக்குத் தமிழில் சொன்னாள். மறுபடி அந்தப் பக்கம் திரும்பினாள். ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே. விட்ட இடத்திலிருந்து சிரிப்பு தொடர்ந்தது. நான் அடுப்பைத் தணித்துவிட்டு, பாதி புரிந்தும் புரியாமலும் கேட்டுக்கொண்டு நின்றேன்.