கேட்டால்தான் அவுட்

கடைசி இன்னிங்ஸ், ஸ்கோர் சமன். அடித்த பந்து வெகுதூரம் போக, இரண்டாவது பேஸில் நின்றவன் ஓடத் தொடங்கினான். மூன்றாவது பேஸை அவன் மிதிக்கவில்லை. ஒரு சாண் தள்ளிக் கால் வைத்து ஓடி, ஹோமைத் தொட்டு வெற்றி ஓட்டத்தை எடுத்துவிட்டான். பக்கத்தில் நின்ற அம்பயர் நான். கண்டேன், பேசாமல் நின்றேன்.

பேஸ்போலில் விதி அதுதான். பேஸை மிதிக்காததை எதிரணி கவனித்து, பந்தோடு அந்த பேஸைத் தொட்டுக் கேட்க வேண்டும். அதற்கு இத்தாலிய மொழியில் 'அப்பெல்லோ' என்று பெயர். கேட்டால்தான் அவுட். கேட்காவிட்டால் அம்பயர் வாய் திறக்கக் கூடாது. தோற்ற அணி தலையைக் குனிந்தபடி வெளியேறியது. அவர்களின் பயிற்றுநர் ஓர் அவ்வொக்காத்தோ, அதாவது வழக்கறிஞர். வாரநாட்களில் நான் வேலை செய்தது அவர் வீட்டில்தான்.

மன்னாரில் பள்ளியில், பேஸ்போல் மாதிரியான எல்லே விளையாடியவள் நான். இத்தாலியின் பலெர்மோவில் அம்பயர் தட்டுப்பாடு இருந்த தொண்ணூறுகளில், பயிற்சி எடுத்து ஞாயிறுகளில் களத்தில் நின்றேன். "அவ்வொக்காத்தோவின்ரை வேலைக்காரி அவற்றை பக்கம்தான் கை தூக்குவாள்" என்று மற்ற அணிகள் முணுமுணுக்கும். அவர் அணியின் ஆட்டங்களுக்கு வேறு ஆளைப் போடச் சொல்லிப் பார்த்தேன். ஆள் இல்லை என்றார்கள்.

அன்றிரவு என் கணவர் சொன்னார்: "அவர் கேட்டால் காணேல்லை எண்டு சொல்லுமன். இஞ்சை தங்கிற பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க முதலாளி எண்டு அவற்றை கையெழுத்து வேணும்."

திங்கள் காலை அவ்வொக்காத்தோ சமையலறைக்கே வந்துவிட்டார். யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

"ரெஜினா, அவன் மூண்டாவது பேஸை மிதிச்சவனோ?"

"இல்லை, அவ்வொக்காத்தோ."

"நீ கண்டனியோ?"

"ஓம், கண்டனான்."

"பிறகேன் பேசாமல் நிண்டனி? என்ரை வீட்டிலை வேலை செய்யிறாய்!"

"நீங்கள் கேக்கேல்லை. கேக்காமல் நான் சொல்லக்கூடாது."

மாத முடிவோடு வேலை போயிற்று. வீட்டுக்கு வந்து நெடுநேரம் அழுதேன். அவருடைய மனைவிதான் மொண்டெல்லோவில் இருந்த தன் பெரியம்மாவைப் பராமரிக்கும் வேலையைப் பேசித் தந்தார். அந்த வேலையைக் காட்டிப் பெர்மெஸ்ஸோவும் புதுப்பித்தாயிற்று.

அடுத்த பருவத்தில் மறுபடி அவர் அணியின் ஆட்டம் எனக்கு வந்தது. எதிரணியில் யார் மூன்றாவது பேஸைக் கடந்தாலும் அவர் "அப்பெல்லோ!" என்று கத்தினார். ஒழுங்காக மிதித்தவனுக்கும் அப்பெல்லோ! அவருடைய ஆட்டக்காரர்கள் பந்தோடு பேஸைத் தொடத் தொட, நானும் சலிக்காமல் 'சேஃப்', அதாவது அவுட் இல்லை என்று கை காட்டினேன். பார்வையாளர்கள் சிரித்தார்கள். பிறகு ஒருவன் உண்மையிலேயே மிதிக்காமல் ஓடினான். இவர் கத்தினார். அவருடைய ஆட்டக்காரன் பந்தோடு பேஸைத் தொட்டான். நான் 'அவுட்' கொடுத்தேன்.

எதிரணிப் பயிற்றுநர் என் முகத்துக்கு நேரே பாய்ந்து வந்தார். "பழைய முதலாளிக்கு உதவி செய்யிறியோ?"

நான் பதில் சொல்லுமுன் அவ்வொக்காத்தோ அங்கிருந்தே கோபத்தோடு கத்தினார்: "இவளோ? எனக்கோ? ஒருநாளும் செய்யமாட்டாள்!"

எதிரணிப் பயிற்றுநர் திரும்பிப் போய்விட்டார். அந்த மைதானங்களில் அதற்குப் பிறகு என்னை யாரும் வேலைக்காரி என்று சொல்லவில்லை.

புதிதாக வரும் அம்பயர்களுக்கு ஒன்று சொல்வேன். கேட்காததைச் சொல்லாதீர்கள். கேட்டால் கண்டதைச் சொல்லுங்கள். இரண்டுக்கும் ஆட்கள் கோபிப்பார்கள், அது அவர்கள் பாடு.