ஃபெர்மென்டருக்கு ரெஸ்ட் கொடுத்த ஆயுத பூஜை

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, திருமழிசை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் எங்கள் யூனிட்டின் ஷட்டரைத் தூக்கினேன். சந்தனமும் பொரிகடலையும் மணக்க வேண்டிய இடத்தில் அழுகின முட்டை நாற்றம். ஃபெர்மென்டருக்குப் பட்டை விபூதி, பொட்டு, மாலை எல்லாம் ஜோராக இருந்தது. சுவிட்சைத்தான் அணைத்திருந்தார்கள்.

ஃபெர்மென்டர் என்றால் பெரிய எவர்சில்வர் டிரம். அதில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவை வளர்ப்போம். நல்ல கிருமி. வேரைச் சுற்றிக் குடியேறி, நாற்றை அழுக வைக்கும் பூஞ்சையை அண்டவிடாது. ஆனால் அதற்கு மூச்சு வேண்டும். ஏர் பம்ப் ராப்பகலாக ஓட வேண்டும். நின்றால் நல்லது சாகும், கண்ட கழுதையும் உள்ளே புகுந்துவிடும்.

எங்கள் முதலாளி அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருந்துவிட்டு இயற்கை உரத்துக்குத் தாவியவர். பூஜைக்கு லீவு போட்டிருந்த நான், அவர் வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"ஆஃப் பண்ணாதீங்கன்னு எழுதி ஒட்டிட்டுதானே சார் போனேன்?"

"இன்னாமா பேசற? லேத்து வெச்சிருந்தப்போலேர்ந்து பூஜ அன்னிக்கு நான் மெஷின் ஓட்னதே இல்ல. வருசம் பூரா நமக்கு ஒழைக்குது. ஒரு நாள் ரெஸ்ட் குடுக்க வாணாமா?"

லேத்துக்கு ரெஸ்ட் கொடுத்தால் லேத் சாகாது. இதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று நான் யோசிப்பதற்குள் வாசலில் காசிம் பாயின் டிவிஎஸ் வந்து நின்றது.

பாய் பூந்தமல்லிக்காரர். திருநின்றவூர்ப் பக்கம் குத்தகை நிலத்தில் முளைக்கீரை போடுபவர். டிரம்மில் கெட்டுக் கிடந்த அந்தப் பேட்சே அவருக்காகத்தான்.

"ரெண்டு தபா வெதச்சிட்டேம்மா. மொளச்சதும் கழுத்து அழுகிப் படுத்துக்குது. இந்தவாட்டியும் போச்சுன்னா பிளாட் போட்டுடுவேன்னு நெலத்துக்காரரு சொல்லிட்டாரு."

முதலாளி என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "எல்லாம் கிருமிதானே? பவுடர்ல கலந்து பாக்கெட் போட்டுக் குடுத்துடு. அவருக்கு இன்னா தெரியப் போவுது?"

"அவருக்குத் தெரியாது சார். கீரைக்குத் தெரியும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மாலையைக் கழற்றி அவர் கழுத்திலேயே போட்டிருப்பேன். அடக்கிக்கொண்டு பாயிடம் போனேன்.

"பேட்ச் கெட்டுப் போச்சு பாய். தப்பு எங்களோடது. புதுசா வளர்த்துத் தரேன். அதுவரைக்கும் விதைக்காதீங்க."

"மழ தலமேல நின்னுக்கினு கீது" என்று வானத்தைப் பார்த்தார். பிறகு, "சரி, உன்ன நம்பறேன்" என்று வண்டியைக் கிளப்பினார். அதுதான் பயமாக இருந்தது.

புதிதாக வளர்க்க மதர் கல்ச்சர் வேண்டும். நாம் உறைமோர் எடுத்து வைப்பதுபோல எடுத்து வைக்கும் விதைக்கிருமி அது. லேப் ஃபிரிட்ஜில் இருந்தது. முதலாளி சாமி கும்பிட்டுக்கொண்டே ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துக்கொண்டு போனவர். ஃபிரிட்ஜை மட்டும் விட்டுவைத்திருப்பாரா? ஓடிப்போய்த் திறந்தேன்.

விளக்கு எரிந்தது. ஜில்லென்று இருந்தது. உள்ளே ஒரு தூக்குச்சட்டி நிறையக் கொண்டைக்கடலைச் சுண்டல்.

'உணவுப் பொருள் வைக்கக் கூடாது' என்று நான் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டிய கதவுக்குப் பின்னால்!

"சுண்டல் ஊசிப்புடும்னு அத்த மட்டும் ஆஃப் பண்லமா" என்றார் முதலாளி, தலையைச் சொறிந்தபடி. வாழ்க்கையில் முதல் முறையாக அவரைத் திட்ட வாய் வரவில்லை.

கெட்ட பேட்சை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கொன்று கொட்டினோம். டிரம்மைக் கழுவி, நீராவியில் வேகவைத்து, புதிதாக வளர்த்தோம். பாய் அதை மக்கிய எருவில் கலந்து பாத்தியில் தூவி விதைத்தார். அதற்குப் பின்னாலேயே அடைமழை பிடித்துக்கொண்டது. நான் சாமிக்கு நேர்ந்துகொள்ளாத குறைதான்.

ஒரு சாயங்காலம் நெமிலிச்சேரி ஸ்டேஷனில் இறங்கும்போது பாயிடமிருந்து ஃபோன். "படுக்கலமா! அத்தினியும் நிக்குது!" பிளாட்ஃபாரத்திலேயே நின்று அழுதேன். அந்த நிலத்தில் பாய் இன்னமும் கீரை போடுகிறார்.

அடுத்த வருடப் பூஜையில் முதலாளி ஓடுகிற ஃபெர்மென்டருக்கே கற்பூரம் காட்டினார். பம்ப் சத்தத்தில் மணி சத்தம் கேட்கவில்லை. "இன்னா நைனா, பூஜ அன்னிக்கு ஓட்ற?" என்று பக்கத்து ஷெட்காரர் கேட்டதற்கு, "இது லேத்து இல்ல மாமே, உசுரு" என்றார்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். நம் சரக்குக்கு உயிர் உண்டு, அதற்குப் பண்டிகை தெரியாது. செத்துப்போனதைப் பாக்கெட்டில் போட்டு விற்காதீர்கள். மதர் கல்ச்சரை இரண்டு இடத்தில் வையுங்கள். எல்லா வருடமும் சுண்டல் வந்து காப்பாற்றாது.